பாடைச்சுழி விழுந்த பிளசர்

எங்கள் அய்யன் அங்கப்பன் வாக்குத் தவறாதவர். இதை நான் சொல்லவில்லை. பல்லடத்திலிருந்து சூலூர் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "செங்காட்டுப்பாளையத்து அங்கப்பன் ஒண்ணு சொன்னாருன்னா சொன்னதுதானுங்க" என்பார்கள். அந்தப் பெயரை அவர் சலவைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார். பெற்ற மகளாகிய நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். என் தலையெழுத்து.

நான் கோயமுத்தூரில் பெரியம்மா வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். பரீட்சை முடிவு பேப்பரில் வந்தபோது என் நம்பர் அதில் இருந்தது. ஆனால் பெரியப்பாவுக்குத் திருச்சினாப்பள்ளிக்கு மாற்றலாகி, தங்குவதற்கு எனக்கு வீடு இல்லாமல் போயிற்று. காலேஜில் சேர்ந்து இண்டர்மீடியட் முடிக்க வேண்டும், அதற்கப்புறம் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சோறு இறங்காத ஆசை. ஹாஸ்டல் என்ற வார்த்தையை எடுத்ததுமே அய்யன் குதித்தார்: "கண்டவங்க ஆக்குன சோத்தைத் தின்னுபோட்டுக் கண்டவங்களோட படுத்துத் தூங்கறதுக்கா உன்னைப் பெத்து வளத்தோம்?" பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோழிக்கூடைக்கும் புகையிலை மூட்டைக்கும் நடுவில் அங்கப்பன் மகள் உட்காருவதாவது!

சொந்தத்தில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் அய்யனுக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார் என் தாய்மாமன் குமாரசாமி. அவருக்கு அய்யனைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு தனி ருசி.

"ஏனுங்க மச்சான், பைகாரா கரண்டு வந்து ஊரெல்லாம் மில்லு கட்டறாங்க. நம்ம பருத்தி வெலை எங்கியோ போயிருச்சு. ஒரு பழைய பிளசர் காரப் பாத்து வாங்கிப்போட்டா புள்ள தெனமும் காலேசுக்குப் போய்ட்டு வந்துருமல்லங்க? உங்களால ஆகாதுன்னாச் சொல்லுங்க, நான் வாங்கித் தாரேன்."

ஆகாது என்ற சொல்லை அய்யனிடம், அதுவும் பந்தியில், அதுவும் மனைவியின் கூடப்பிறந்தவன் சொல்வதா? பாயசக் கையை உதறிவிட்டு அய்யன் நிமிர்ந்தார்.

"எம்பட மவளுக்கு நீ என்ன வாங்கறது மாப்பிள்ளை? தெனமும் போய்ட்டு வாரதுக்குப் பிளசர் நான் வாங்கித் தாரேன். சொல்லிப்போட்டேன்!"

பந்தி முழுக்கக் கேட்டது. சமையல்கட்டில் இருந்த எனக்கும் கேட்டது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

அன்றைக்கு முகம் சுண்டிப்போனது ஒருத்திக்குத்தான். அவள் என் அத்தை நாச்சியம்மாள், அய்யனுக்கு அக்கா. அவள் மகன் நஞ்சுண்டனுக்கு நான் முறைப்பெண். எங்கள் தோட்டமும் அவர்கள் தோட்டமும் ஒரே வரப்பைத் தொட்டுக் கிடக்கின்றன. நடுவில் வற்றாத கிணறு ஒன்று, பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. அந்தக் கிணற்றை ஒன்றாக்கவே ஆண்டவன் என்னைப் படைத்தான் என்பது அத்தையின் எண்ணம். நஞ்சுண்டன் கெட்டவன் இல்லை, பாவம். யார் எதைச் சொன்னாலும் "அதுவுஞ் சரிதான்" என்பான். அவனோடு சண்டை போடவும் முடியாது, வாழவும் முடியாது.

விருந்து முடிந்து கிளம்பும்போது அத்தையும் அய்யனும் வண்டி மறைவில் நின்று வெகுநேரம் பேசினார்கள். போகும்போது உர்ரென்று போனவள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். நான் கண்டுகொள்ளவே இல்லை. பிளசர் கனவில் இருந்தவளுக்கு அத்தையின் பல்லைப் பார்க்க ஏது நேரம்?

பிளசர் தேடும் படலம் தொடங்கிற்று. மோட்டாரைப் பற்றி அய்யனுக்கு ஓர் எழவும் தெரியாது. ஆனால் காளையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் அவர் ஒரு காளையின் முதுகில் கையை வைத்தால், மற்றவர்கள் அந்தக் காளைக்கு விலை கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் பிளசர் வாங்குவதற்கு அவர் மாட்டுத் தரகர் காளிச்சாமியைக் கூட்டிக்கொண்டார். காளிச்சாமியும் கூச்சப்படாமல் வந்தார்.

"இப்பெல்லாம் நானு மோட்டாருக்குந் தரகு பண்றனுங்க. அதுக்கு நாலு காலு, இதுக்கு நாலு சக்கரம். வேற என்னுங்க இருக்குது?"

எனக்காக வாங்குகிற வண்டியாயிற்றே என்று நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன்.

முதலில் பார்த்தது, சீமைக்குத் திரும்பிப் போகிற எஸ்டேட் துரை ஒருவரின் கார். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் பங்களா வாசலில் நின்றது. அய்யன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதை வலம் வந்தார். விளக்கைக் கண் மாதிரி உற்றுப் பார்த்தார். குனிந்து முன்பக்கத்துக் கம்பி வலைக்குள் பல் பிடித்துப் பார்த்தார். பின்புறத்தில் ஓங்கி ஓர் அறை வைத்து, அது நகருகிறதா என்று பார்த்தார். துரையின் பட்லர் தூணுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு உயிரே போயிற்று.

அத்தோடு விட்டாரா? காரை நாலு முழம் தள்ளச் சொல்லி, அது நின்றிருந்த தரையைக் குனிந்து ஆராய்ந்தார்.

"என்னுங்கய்யா தேடறீங்க? சாணியா?" என்றேன்.

"கட்டுத்தறியப் பாக்காம எவனாச்சும் மாடு வாங்குவானா கண்ணு?" என்றார். பிறகு காளிச்சாமியிடம், "மலையில ஏறி எறங்குன உருப்படி. இடுப்பு போயிருக்கும். வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்தது ஞானாபரணத்தம்மாளின் கார். அந்த அம்மாள் மிஷன் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார். காரைப் பார்த்தால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். சின்ன வண்டி, அடுப்புக்கரி நிறம், மேலே கான்வாஸ் கூரையில் ஒட்டுமேல் ஒட்டு.

"பார்க்க நல்லா இருக்காது. ஆனா மழையிலும் வெயிலிலும் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போயிருக்கு. ஒரு பிரசவத்துக்குக்கூட இதனால நான் தாமதமாப் போனதில்லை" என்றார் ஞானாபரணத்தம்மாள்.

அவருடைய டிரைவர் பாக்கியராஜ் போத்தனூர்க்காரர். நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி, சர்ச் கமிட்டியில் மூப்பர். கைப்பிடியை முன்னால் சொருகி ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டி பேச ஆரம்பித்துவிட்டது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அய்யனின் புருவம் உயர்ந்ததை நான் பார்த்தேன். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வலப்பக்கக் கதவுக்குக் கீழே அவருடைய கை நின்றது. தகரத்தில் ஒரு நீளமான நெளிவு.

"பாடைச்சுழி!" என்றார்.

காளிச்சாமி உச்சுக் கொட்டினார். பாடைச்சுழி என்பது காளையின் உடம்பில் பாடை மாதிரி நீண்டு விழுகிற ரோமச்சுழி. அப்படிப்பட்ட காளையைக் கட்டினால் அந்த வீட்டில் இழவு விழும் என்பது மாட்டுத்தாவணிச் சாஸ்திரம்.

"அது ஒரு எருமை முட்டினதுங்க" என்றார் டாக்டரம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எது முட்டுனா என்னுங்கம்மா, சுழி சுழிதானுங்களே" என்றார் அய்யன்.

நான் விடவில்லை. ஓரமாக இழுத்துப் போய்க் கெஞ்சினேன். அய்யன் என் தலையில் கையை வைத்தார். குரல் நடுங்கிற்று.

"தெரிஞ்சு தெரிஞ்சு உன்னை இதுல ஏத்தி அனுப்பச் சொல்றியா கண்ணு? உனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா உங்கம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் உருகிப்போனேன். அட, நம் அய்யனுக்கு நம்மேல் இவ்வளவு பாசமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கார்தான் ஆகாது, டிரைவர் ஆகும் என்றார் அய்யன். தினமும் பெண்பிள்ளையை அனுப்புவதென்றால் நரைத்த மீசைக்காரர்தான் தோது. டாக்டரம்மாள் ஊருக்குப் போவதால் பாக்கியராஜ் அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, மிட்டாதார் என்கிற ஒரு சின்ன ஜமீன்தார் வீட்டுப் பிளசர். ஐயோ, அதைச் சொல்ல வேண்டுமே! குங்கும நிறம். வெல்வெட் மெத்தை. பக்கவாட்டில் வாயைப் பிளந்துகொண்டு நெளிந்து கிடக்கிற வெள்ளிப் பாம்பு ஹாரன். அது பார்த்த வேலையெல்லாம் கல்யாண ஊர்வலமும் சாமி ஊர்வலமும்தான். நாயனக்காரனுக்குப் பின்னால் நடைவேகத்தில் போய்ப் பழகின வண்டி. அது நின்ற இடத்தில் ஓர் எருமை படுத்துப் புரளலாம், அத்தனை எண்ணெய். காளிச்சாமி அய்யன் காதோரம் ஏதோ சொன்னார். அய்யன் அந்த எண்ணெய்க் குளத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"சுழி சுத்தம். இதையே புடிச்சுக் கட்டு" என்றார்.

துண்டை மேலே போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து, மாட்டுக்குப் பேசுவது போலவே விலை பேசி முடித்தார்கள். என் படிப்பு அந்தத் துண்டுக்குள்தான் இருந்தது.

காலேஜ் திறந்தது. முதல் நாள் ஊரே கூடிப் பூசணிக்காய் உடைத்து அனுப்பிற்று. பல்லடம் கடைவீதி வரைக்கும் பிளசர் மகாராணி மாதிரி போனது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை. காரணம்பேட்டை தாண்டி ஆளில்லாத புளியமரம் வந்ததும் பெருமூச்சு விட்டு நின்றுகொள்ளும். தண்ணீர் கொதிக்கும், கியர் பெட்டிக்குள் பல்சக்கரம் கறகறவென்று அரைபடும், எதுவும் இல்லாவிட்டால் சும்மாவே நிற்கும். பாக்கியராஜ் அண்ணன் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றுவார். சுற்றிச் சுற்றித் தோள் இறங்கிப்போய், "கர்த்தாவே, நான் எந்தப் பாவத்துக்கு டாக்டரம்மா வண்டியை விட்டுட்டு இதுக்கு வந்தேன்" என்று வாய்விட்டே ஜெபம் பண்ணுவார். வயலில் களை எடுக்கிறவர்கள் வந்து தள்ளுவார்கள். வேர்த்து விறுவிறுத்துக் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வகுப்பு முடிந்திருக்கும். பல நாள் போய்ச் சேருவதே இல்லை.

சாயங்காலம் அய்யனிடம் அழுவேன். அவர் ஒருநாளாவது கோபப்பட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். "நாளைக்குச் சரியாப் போயிருங் கண்ணு" என்று தடவிக் கொடுப்பார். திருப்பூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைப்பார். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அவனுக்கு இலை போட்டுச் சோறு போட்டு அனுப்பிவிடுவார். பாம்பு ஹாரனை மட்டும் புளி போட்டு விளக்கி வைக்கச் சொல்லுவார். அம்மாவோ, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இத்தனை லோல்பாடு? அய்யன்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டாருல்ல?" என்பாள். ஆமாம், காப்பாற்றிவிட்டார். வாசலில் நிற்கிறதே, குங்கும நிறத்தில்!

காலேஜ் பிரின்சிபால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வருகை இத்தனை குறைவாக இருந்தால் யுனிவர்சிடி பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்றார். தை மாதம் காலேஜில் வைக்கிற செலக்ஷன் பரீட்சையை ஒரு தாள் விடாமல் எழுதினால் பார்க்கலாம், அதிலும் ஒரு தாளுக்கு வராமல் போனால் பெயரை எடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயரை எடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் இருப்பது அத்தை வீட்டுக் கிணறு.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள், நாங்கள் புளியமரத்தடியில் நிற்கும்போது, பாக்கியராஜ் அண்ணன் கைப்பிடியைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"நம்ம டாக்டரம்மா வண்டிச் சத்தமுங்க அது!"

நிஜமாகவே அந்தக் கரி நிறக் கார்தான் வந்தது. வலப்பக்கம் பாடைச்சுழியோடு வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் நஞ்சுண்டன். கோயமுத்தூர் மில்லுக்குப் பருத்திச் சாம்பிள் காட்டப் போகிறானாம். எங்களைப் பார்த்து நிறுத்தினான்.

"ஏறிக்க அம்மணி. காலேசுல எறக்கி உட்டுப்போட்டுப் போறேன்."

ஏறலாமா? எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். கல்யாணமாகாத பெண் முறைமாப்பிள்ளையோடு ஒரே வண்டியில் நாலு பேர் பார்க்க ஏறிப் போனால், அவள் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் அவளை வேறு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். என் சித்தப்பா மகள் ஒருத்தி கால் வலிக்கிறது என்று மாமன் மகனுடைய சவாரி வண்டியில் அவிநாசித் தேருக்குப் போனாள். அடுத்த முகூர்த்தத்தில் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. கால் வலி இன்னும் இருக்கிறதாம்.

"வேண்டாமுங்க மாமா. நீங்க போங்க" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்று போனான். ஆனால் அன்றிலிருந்து நாங்கள் நிற்கிற போதெல்லாம் வந்தான், நிறுத்தினான், கூப்பிட்டான். நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இதைக் கேள்விப்பட்ட அய்யன் ஒருநாள் வெற்றிலையை மென்றுகொண்டு, "நஞ்சுண்டன் கூப்பிட்டானாமே. ஏறிப் போறதுதான கண்ணு? நம்ம பையன்தான?" என்றார். பஸ்ஸில் ஏறினால் மானம் போய்விடும் என்று குதித்த மனுஷன்! எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பாழாய்ப்போன மனசு அதற்கு மேலே போகவில்லை.

செலக்ஷன் பரீட்சை நாள் வந்தது. இருட்டோடு கிளம்பியும் பிளசர் சூலூர் தாண்டினதும் தன் வேலையைக் காட்டிவிட்டது. இந்த முறை கைப்பிடி எதிர்த்து உதைத்ததில் பாக்கியராஜ் அண்ணனின் கட்டைவிரல் கிழிந்து ரத்தம் கொட்டிற்று. காலைப் பஸ் முன்னாலேயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் பரீட்சை முடிந்துவிடும். சந்தைக் கிழமை வேறு. ரோடு முழுக்க மாட்டுவண்டிகளும் தலைச்சுமைக்காரிகளும். எல்லாரும் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நஞ்சுண்டன் வந்து நிறுத்தினான். வழக்கம்போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

எனக்கு எங்கிருந்தோ எரிச்சல் வந்தது. "ஏனுங்க மாமா, பாடைச்சுழி விழுந்த வண்டிய எப்பிடி வாங்குனீங்க? அத்தை சும்மா உட்டாங்களா?" என்றேன்.

"மாமன்தான வாங்கச் சொன்னாரு!" என்றான் அவன்.

"எந்த மாமன்?"

"உங்கய்யன்தான். 'சுழியாவது மண்ணாவது, மோட்டாருக்கு ஏதுடா சுழி? இது நிக்காத உருப்படி, கண்ண மூடிட்டுப் புடி'ன்னாரு. உங்க பிளசரு பெட்டி தேஞ்சு போனதாமா. தரகரு காளிச்சாமி அப்பவே சொல்லிப்போட்டாராமா, ஊர்வலத்துக்குத்தான் ஆகும், தெனம் ஓடாதுன்னு. 'அது வழியில எங்காச்சும் நிக்கும், நீ பின்னால போயி ஏத்திக்க'ன்னு மாமன் சொன்னாரு அம்மணி. அதான் தெனமும் வாரேன்."

ஏதோ நல்ல சேதி சொல்லுகிற மாதிரி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். பாக்கியராஜ் அண்ணன் விரலில் துணி சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாட்டை வாங்குகிற மாதிரி மோட்டாரை வாங்குகிறாரே என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பட்லர் சிரித்தான், டாக்டரம்மாள் சிரித்தார், நான் வெட்கப்பட்டேன். அந்த மனுஷன் மூன்று வண்டியையும் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். நல்லதை மருமகனுக்கு ஒதுக்கிவிட்டு, நொண்டியைத் தேடிப் பிடித்து மகளுக்குக் கட்டியிருக்கிறார். பிளசர் வாங்கித் தருகிறேன் என்றுதானே பந்தியில் சொன்னார்? வாங்கியும் கொடுத்துவிட்டார், வாக்கும் தவறவில்லை. இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் தலையில் கையை வைத்து, "உனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா" என்று குரல் நடுங்கினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற மகளிடம் இப்படியும் நடிக்க முடியுமா?

அழுவதற்கு நேரம் இல்லை. ஏறினால் கல்யாணம். ஏறாவிட்டாலும் கல்யாணம்தான், கொஞ்சம் தாமதமாக. நன்றாகத்தான் கட்டியிருந்தார் கண்ணியை.

"மாமா, எறங்குங்க" என்றேன்.

"என்னத்துக்கு அம்மணி?"

"இந்த வெள்ளிப் பாம்பைப் பாத்தீங்களா? சந்தைக் கூட்டம். நாங்க எல்லாரும் போயிட்டா எவனாச்சும் கழட்டிட்டுப் போயிருவான். அப்பறம் உங்க மாமனுக்கு யாரு பதில் சொல்றது? நீங்க காவலுக்கு உக்காருங்க. பாக்கியராஜ் அண்ணன் உங்க வண்டியில என்னைக் கொண்டுபோய் உட்டுப்போட்டு வரட்டும்."

நஞ்சுண்டன் பாம்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அதுவுஞ் சரிதான்" என்று இறங்கி, வெல்வெட் மெத்தையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் கரி நிற வண்டியில் ஏறினேன். எனக்கு அது போதவில்லை. தலைச்சுமையோடு போன ஒரு பெண்ணை உரக்கக் கூப்பிட்டேன். "ஏனுங்கக்கா, நல்லாப் பாத்துக்குங்க! எங்க மாமன் இங்கதான் உக்காந்திருக்காரு, நான் மட்டும் போறேன். நாளைக்கு யாரு கேட்டாலும் சொல்லோணும்." அந்த அக்கா சுமையை இறக்கி வைத்துவிட்டு நஞ்சுண்டனை மேலும் கீழும் பார்த்தாள். நாலு வண்டிக்காரர்களும் நின்று பார்த்தார்கள். அவன் எல்லாருக்கும் மரியாதையாக ஒரு கும்பிடு போட்டான்.

பாக்கியராஜ் அண்ணன் கிழிந்த விரலோடு ஒரு சுற்றுத்தான் சுற்றினார். சிங்காநல்லூர் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, காலேஜ் வாசலில் வந்து நின்றபோது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. எழுதினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். ஆத்திரத்தில் எழுதினால் இவ்வளவு நன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அதே வண்டியில், காவலிருந்த நஞ்சுண்டனை நிற்காமல் தாண்டி வீடு திரும்பினால் வாசலில் கூட்டம். அங்கப்பன் மகள் ராசாத்தாள் நஞ்சுண்டன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள் என்ற சேதி எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. பாதிச் சேதி மட்டும் வந்திருக்கிறது. அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்திருந்தாள். நாள் குறிக்கத் தாய்மாமன் வேண்டுமே என்று குமாரசாமி மாமாவுக்கும் ஆள் போயிருந்தது. தரகர் காளிச்சாமிகூட, எங்கே விசேஷம் என்றாலும் மோப்பம் பிடித்து வருகிறவர், தூணோரம் நின்றிருந்தார். அய்யனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"வா மருமவளே!" என்று அத்தை தட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "எம்பட பையன் எங்கடி?"

"சூலூருக்கு அக்கட்டால எங்க பிளசருக்குக் காவல் உக்காந்திருக்காருங்க அத்தை. நான் தனியாத்தான் போனேன், தனியாத்தான் வந்தேன். சந்தைக்குப் போன சனமெல்லாம் பாத்துது, வேணும்னாக் கேட்டுக்குங்க."

குமாரசாமி மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அய்யனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. நான் அவருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு மரியாதையாக நான் அவரிடம் அதற்கு முன்னால் பேசினதே இல்லை.

"அய்யா, ஒரு தப்பு நடந்து போச்சுங்க. வண்டி ரெண்டும் மாறிப்போச்சு. தெனமும் போய்ட்டு வாரதுக்குன்னு நீங்க எனக்குப் பாத்து வெச்ச நிக்காத உருப்படி அத்தை ஊட்டுக்குப் போயிருச்சு. பெட்டி தேஞ்ச ஊர்வல வண்டி நம்மூட்டுக்கு வந்திருச்சு. எது நல்லது, எது நொண்டின்னு நீங்களே பிரிச்சுச் சொன்னீங்களாமா, நஞ்சுண்ட மாமா சொன்னாருங்க. தெரிஞ்சே எனக்கு நொண்டிய வாங்கிக் குடுத்திருப்பாருன்னு யாராச்சும் சொன்னா நான் நம்புவனுங்களா? பந்தியில வாக்குக் குடுத்தவரு நீங்க."

காளிச்சாமி தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

குமாரசாமி மாமா நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க மச்சான், மாறிப்போச்சுங்களா? இல்ல, மாத்திப்போட்டீங்களா?"

அய்யன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் பல்லடத்திலிருந்து சூலூர் வரைக்கும் அந்தப் பெயர் நாறிப்போகும். ஆமாம் என்றால் அக்காவோடு சேர்ந்து கட்டின கண்ணியை அவரே அறுக்க வேண்டும். மகளா, அக்காவா என்று அவர் யோசித்ததாக நான் நினைக்கவில்லை. பெயரைத்தான் யோசித்தார்.

"மாறித்தான்... போச்சு" என்றார்.

"தம்பி!" என்று அலறினாள் அத்தை.

"சும்மா இருக்கா! மாறிப்போச்சுன்னா மாறிப்போச்சு. நாளைக்கிருந்து இந்த வண்டி இங்கதான் நிக்கும். சொல்லிப்போட்டேன்!"

அத்தை தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். நஞ்சுண்டனைக் கூட்டி வர ஒரு ஜோடிக் காளையை ஓட்டிப் போனார்கள். பிளசரையும் அவனையும் சேர்த்து இழுத்து வந்தார்கள். அவன் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் இரண்டாவது தாள். விடிந்ததும் வண்டி வாசலுக்கு வந்தது. பருத்திக் களத்துக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யன் அவர்கள் நடுவில் நின்று, வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்றுமே நடக்காத மாதிரி குரல் கணீரென்று இருந்தது.

"நான் பாத்து எடுத்த உருப்படி. எத்தனை வருசம் ஓடுன வண்டி தெரியுமா? ஒருநாளாச்சும் ரோட்டுல நின்னிருக்குதா கேளு!"

அவர்கள் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்து வெளியே தலையை நீட்டினேன்.

"ரோட்டுல நின்னதையும் நீங்கதானுங்கய்யா பாத்து எடுத்தீங்க" என்றேன்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்மூடியில் இருந்த கையை எடுத்து, துண்டில் துடைத்துக்கொண்டு, வழிவிட்டு ஓரமாக நின்றார்.

"நேரமாச்சுங்கண்ணா, எடுங்க" என்றேன் பாக்கியராஜ் அண்ணனிடம்.